பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பம்) படிப்பில் தங்கையைச் சேர்க்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வைப்பாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுடன் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறாள். நீட் தேர்வை இன்னோர் ஆண்டு எழுதும் எண்ணம் அவளுக்கும் இல்லை, அதற்கான வசதி எங்களுக்கும் இல்லை. அப்பா சாத்தூரில் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு பாட்டியை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, மூன்று பேர் முயன்றும் கிடைக்காத நரம்பை ஆய்வகத்திலிருந்து வந்த ஓர் அக்கா ஒரே குத்தில் பிடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், அன்றிலிருந்து ஆய்வக நுட்பநர் வேலைதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாண்டு டி.எம்.எல்.டி. பட்டயம். இரண்டாவது, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. எம்.எல்.டி. பட்டம், மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. மூன்றாவது, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பயிற்சி மையம். ஓராண்டில் முடித்து வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். "எல்லாவற்றையும் மெஷினே செய்கிறது, பொத்தானை அழுத்துவதற்கு நான்கு வருடமா?" என்பது சித்தப்பாவின் கேள்வி. அதற்கு என்னிடம் விடை இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊதாமூடி:

வணக்கம் அண்ணா. நான் பி.எஸ்சி. எம்.எல்.டி. முடித்து மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் சித்தப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள்.

டெங்கு பரவும் மழைக்காலத்தில் ஓர் இரவுப் பணியின்போது, நாற்பது வயதுள்ள ஒருவரின் மாதிரியில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை 18,000 என்று இயந்திரம் காட்டியது. இயல்பாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது அது. வார்டிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. தட்டணு ஏற்றுவதற்கு உறவினர்கள் கொடையாளரைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் நோயாளிக்குக் காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது, உடம்பில் எங்கும் இரத்தக் கசிவு இல்லை, இயந்திரமோ அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கட்டி கட்டியாக இருக்கலாம் என்று ஒரு குறியையும் போட்டிருந்தது. நான் ஸ்லைடில் ஒரு துளி இரத்தத்தை மெல்லிய படலமாக (ஸ்மியர்) இழுத்து, லீஷ்மன் சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தேன். ஸ்மியரின் ஓரத்தில் தட்டணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடந்தன. ஊதா மூடிக் குழாயில் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பே சிலரது இரத்தத்தில் தட்டணுக்களை இப்படி ஒட்ட வைத்துவிடும். ஒட்டிய கட்டியை இயந்திரம் தட்டணுவாக எண்ணாது. உடனே நீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில் புதிதாக மாதிரி எடுத்து ஓட்டினேன். அந்தக் குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் இருப்பதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். விடை 1,87,000. அன்றிரவு அவருக்கு யாருடைய இரத்தமும் ஏற்றப்படவில்லை.

பொத்தானை அழுத்தியதும் வந்த எண் 18,000 தான், சித்தப்பா சொன்னது சரியே. அந்த எண்ணை வெளியே அனுப்பாமல் நிறுத்தி வைப்பதற்குத்தான் நான் படித்தேன்.

இன்னொரு சிறிய எடுத்துக்காட்டு. நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஒருவருக்குப் பொட்டாசியம் 9, கால்சியம் 4 என்று வருகிறது. அந்த அளவு உண்மையென்றால் அவர் நடந்து வந்திருக்கவே முடியாது. நடந்தது என்னவென்றால், சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் குறைவாக இருந்ததால், மாதிரி எடுத்தவர் ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டார். ஈ.டி.டி.ஏ. பொட்டாசிய உப்பாகச் சேர்க்கப்படுகிறது, அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் குழாயில் முதலில் எடுக்க வேண்டும், எதில் கடைசியில் எடுக்க வேண்டும் என்ற வரிசை இருப்பதும் இதற்காகத்தான். வரிசையை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அந்த அறிக்கையைப் பார்த்த மாத்திரத்தில் இது ஊதா மூடியின் வேலை என்று தோன்றுவதற்கு உடலியங்கியலும் உயிர்வேதியியலும் உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

பழைய நுண்ணோக்கி:

தம்பிக்கு வணக்கம். நான் டி.எம்.எல்.டி. படித்தவன். இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்துவிட்டு, ஓய்வுக்குக் காத்திருக்கிறேன். மேலே எழுதிய சகோதரி செய்தது நல்ல வேலை. ஆனால் அது பட்டம் தந்த அறிவு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தட்டணு குறைந்தால் ஸ்மியர் பார் என்பதை எங்கள் காலத்தில் பட்டயப் படிப்பின் முதல் ஆண்டிலேயே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்களிடம் அப்போது எண்ணும் இயந்திரமே கிடையாது. இரத்தத்தைச் சிவப்பணுவை உடைக்கும் டர்க் திரவத்தில் இருபது மடங்கு நீர்த்து, நியூபார் அறை என்ற கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நான்கு மூலைக் கட்டங்களிலும் உள்ள வெள்ளணுக்களை எண்ணி ஐம்பதால் பெருக்குவோம். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேருக்கு அப்படி எண்ணியதில், வெள்ளணுவின் முகத்தைப் பார்த்தே இது சாதாரணக் கிருமித் தொற்றா, வேறேதும் விபரீதமா என்று சொல்லும் கண் எங்களுக்கு வந்தது. சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பட்டதாரிப் பிள்ளை ஒருத்தியிடம் மலேரியாவுக்குத் தடித்த ஸ்மியர் போடச் சொன்னேன். ஸ்லைடை மெத்தனாலில் தோய்த்துக் கொண்டு வந்து நிற்கிறாள். தடித்த ஸ்மியரை மெத்தனாலில் நிலைநிறுத்தினால் சிவப்பணுக்கள் உடையாமல் அப்படியே நின்று ஒட்டுண்ணியை மறைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் படித்திருக்கிறாள், கை செய்து பார்த்ததில்லை.

அரசுக் கல்லூரியில் பட்டயம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். கட்டணம் குறைவு, ஆயிரக்கணக்கான மாதிரிகள் வந்து குவியும் பெரிய மருத்துவமனையில் பயிற்சி, இரண்டு ஆண்டில் வீட்டுக்கு வருமானம் வரத் தொடங்கிவிடும். தீப்பெட்டி ஆலையில் உழைக்கும் தகப்பனாருக்கு அந்த இரண்டு ஆண்டு வித்தியாசம் சிறியதன்று.

குருதித்துளி:

நான் நோய்க்குறியியல் மருத்துவர். இரு வகை மாணவர்களுக்கும் பாடம் எடுக்கிறேன். பெரியவர் சொல்லும் குறை உண்மையானது. அது பட்டத்தின் குறை அல்ல, மாதிரிகள் வராத கல்லூரியின் குறை. மாதிரிகள் வராத இடத்தில் பட்டயம் படித்தாலும் அதே பிள்ளைதான் வந்து நிற்கும்.

ஆனால் பட்டம் வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன், அதற்கு இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது சட்டம். துணை மருத்துவத் துறையினருக்கென 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதுவரை மருத்துவருக்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் தனித்தனியே தேசியச் சட்டம் இருந்ததுபோல் ஆய்வக நுட்பநருக்கு எதுவும் இருந்ததில்லை. இச்சட்டம் இரு நிலைகளைப் பிரிக்கிறது. பட்டயமோ பட்டமோ பெற்று, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் பயின்றவர் ஒரு நிலை. மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரத்துக்குக் குறையாமல் பயின்று பட்டம் பெற்றவர் மற்றொரு நிலை. அட்டவணையின் முதல் பிரிவே மருத்துவ ஆய்வகம்தான். இந்த 2,000 மணி நேரக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஓராண்டு மையம் எங்கே நிற்கிறது என்பது தம்பிக்கே விளங்கும். அதை இன்றே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இரண்டாவது காரணம், கைப்பழக்கத்தால் மட்டும் பிடிக்க முடியாதவை சில உண்டு என்பது. இரத்த வகை பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் சிவப்பணுவில் ஏ அணுவையும் பி அணுவையும் திரளச் செய்யும் எதிர்ப்பான்கள் இரண்டையும் விட்டுப் பார்க்கிறோம், எதிலும் திரளவில்லை, ஓ வகை என்று எழுதிவிடுகிறோம். ஆயிரம் முறை செய்தவருக்கு அது மூச்சு விடுவது போன்ற வேலை. ஆனால் 1952-இல் மும்பையில் பெண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்து வெளியிட்ட பம்பாய் வகை இரத்தமும் இந்த முன்பக்கச் சோதனையில் ஓ போலவே தெரியும். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். அவர்களுக்கு ஓ வகை இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, ஏனெனில் ஓ வகையினரின் அணுவில் நிறைந்திருக்கும் எச் என்ற பொருள் அவர்களிடம் இல்லை. அதற்கு எதிரான எதிர்ப்பான்தான் இருக்கிறது. நோயாளியின் சீரத்தை, அதாவது அணு நீங்கிய இரத்த நீரை எடுத்து, ஓ என்று ஏற்கெனவே தெரிந்த அணுக்களோடு சேர்த்துப் பின்பக்கச் சோதனை செய்யும்போது, திரளவே கூடாத அது திரண்டு நிற்கும். அந்தக் கணத்தில் "ஏதோ தவறு, மறுபடி போடு" என்று நினைப்பவரும் உண்டு, "எச் இல்லையோ?" என்று நினைப்பவரும் உண்டு. இரண்டாவது ஆளை உருவாக்க எனக்கு நேரம் வேண்டும். இரண்டு ஆண்டில், அதுவும் பாதி நாள் மாதிரி எடுக்கும் பணியில் கழியும் இரண்டு ஆண்டில், எனக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

தரக்கட்டுப்பாடும் அப்படித்தான். நாள்தோறும் காலையில் அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டி, லீவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். எந்தக் குறையும் இல்லாத இயந்திரத்திலும் இருபது முறைக்கு ஒரு முறை புள்ளி இரண்டு திட்ட விலக்கத்துக்கு, அதாவது சராசரியைச் சுற்றி எதிர்பார்க்கும் எல்லைக்கு, வெளியே போகும். அதைக் கண்டு ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை நிறுத்தினால் வேலை நடக்காது. கண்டுகொள்ளாமலே விட்டால் அன்றைய அறிக்கைகள் அத்தனையும் கெட்டுப்போகலாம். ஒரே பக்கமாக இரண்டு முறை தொடர்ந்து வெளியே போனதா, பத்துப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கத்தில் வரிசை கட்டி நிற்கின்றனவா என்று பார்த்து முடிவெடுக்க வெஸ்ட்கார்டு விதிகள் உள்ளன. அந்த விதிகளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே, புள்ளி உள்ளே வரும்வரை கட்டுப்பாட்டு மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெருமுனை ஆய்வகம்:

சொந்தமாக ஆய்வகம் நடத்துகிறேன், ஆகவே பணம் பற்றி யாராவது பேசியாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தனியார் துறையில் தொடக்கச் சம்பளம் குறைவு. பட்டதாரிக்கும் பட்டயக்காரருக்கும் முதலிரண்டு ஆண்டில் என்னைப் போன்றவர்கள் தரும் வித்தியாசம் மிகச் சிறியது. அதை மறைப்பதில் பயனில்லை. வித்தியாசம் வருவது பெரிய மருத்துவமனைகளிலும், மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரப்படி, தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களிலும், மேற்பார்வையாளர் நிலைக்குப் போகும்போதும்தான்.

நேர்காணலில் நான் சான்றிதழைக் கடைசியில்தான் வாங்கிப் பார்ப்பேன். முதலில் என் கையை நீட்டி, "எடுங்கள்" என்பேன். கட்டு கட்டிவிட்டு நரம்பைத் தேடி ஊரெல்லாம் சுற்றுகிறார்களா, ஒரு நிமிடத்துக்குள் கட்டை அவிழ்க்கிறார்களா, பெயரையும் வயதையும் கேட்டுவிட்டுக் குழாயில் ஒட்டுகிறார்களா என்று பார்ப்பேன். என் பெயர் தெரிந்திருந்தும் கேட்பவருக்கு வேலை.

இன்னொன்று: படித்து முடித்ததும் சொந்தமாக ஆய்வகம் வைத்து அறிக்கையில் தானே கையெழுத்திடலாம் என்று பயிற்சி மையத்தில் சொல்வார்கள். ஆய்வக அறிக்கையில், நோய்க்குறியியலில் முதுநிலை முடித்த பதிவுபெற்ற மருத்துவரே கையெழுத்திடலாம் என்ற நிலைப்பாட்டை 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இப்போது என் ஆய்வகத்தில் கையெழுத்திட ஒரு மருத்துவர் வருகிறார். தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவும் வேண்டும். கனவு காண்பதற்கு முன் இதைத் தங்கைக்குச் சொல்லிவிடுங்கள்.

வைப்பாற்றங்கரை:

இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. ஓராண்டு மையத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். தட்டணுக் கதையைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "சரி, அந்த மெஷின் ஏன் அதைத் தானாகப் பிடிக்கவில்லை?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். நல்ல கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கல்லூரிகளின் விளம்பரத்திலும் ஒரே நுண்ணோக்கியும் ஒரே வெள்ளை அங்கியும்தான் இருக்கின்றன. அடுத்தது அம்மாவின் அச்சம்: நோயாளிகளின் இரத்தத்தையும் சளியையும் கையாள்வதால் பிள்ளைக்கு எதுவும் தொற்றிவிடாதா?

உள்ளிருப்புப் பயிற்சி:

நான் இப்போது பட்டப்படிப்பின் கடைசி ஓராண்டுப் பயிற்சியில் இருக்கிறேன். கல்லூரி பற்றி நான் சொல்லலாம், ஏனென்றால் தவறான கேள்விகளைக் கேட்டுச் சேர்ந்தவன் நான். விடுதி எப்படி, பேருந்து வருமா, ஆய்வகத்தில் குளிர்சாதனம் உண்டா என்றெல்லாம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது வேறு. உங்கள் மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு எத்தனை இரத்த மாதிரிகள் வருகின்றன? அந்த மருத்துவமனை கல்லூரியின் சொந்தமா, ஒப்பந்தமா? இரத்த வங்கி இருக்கிறதா? நுண்ணுயிரியல் பிரிவில் கிருமியை வளர்க்கும் ஊடகங்களை இங்கேயே தயாரிக்கிறார்களா, விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைக்கிறார்களா? பிராக்டிகலில் ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை பேர்? நாங்கள் ஆறு பேர். நான் பார்க்கும்போது பின்னால் நிற்பவன் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பான். முதலாண்டு முழுவதும் நான் பார்த்தது பெரும்பாலும் என் சொந்த இமை மயிரைத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பயிற்சி ஆண்டில் எந்தப் பிரிவில் எத்தனை நாள் என்ற சுழற்சிப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குவது. வேறொரு கல்லூரியில் படித்த என் நண்பனை மாதிரி சேகரிப்பு மையம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதங்கள் அவன் குழாய்களில் பட்டைக் குறி ஒட்டினான், பணம் வாங்கி ரசீது போட்டான். ஆறாவது மாதம் அவனே சண்டை போட்டு நுண்ணுயிரியல் பிரிவு கேட்டபோது, ஆள் பற்றாக்குறை என்று மறுத்துவிட்டார்கள். உதவித்தொகை தருவார்களா என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் பயிற்சி ஆண்டுக்கும் நம்மிடமே கட்டணம் வாங்குகிறார்கள்.

முடிந்தால் சேருவதற்கு முன் ஒரு காலை ஏழு மணிக்கு அந்த மருத்துவமனையின் இரத்தம் எடுக்கும் அறைக்கு முன்னால் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். வரிசை இருந்தால் படிப்பு இருக்கிறது.

ரெக்கார்டு நோட்டு பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. தங்கையே தெரிந்துகொள்வாள்.

ஊதாமூடி:

அம்மாவின் அச்சத்துக்கு நான் விடை சொல்கிறேன். ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். கையாளும் முறை தெரிந்தால் அது மிகவும் குறையும் என்பதே உண்மை.

ஊசி குத்துவதுதான் முதன்மையான விபத்து. எச்.ஐ.வி. உள்ளவரிடம் பயன்படுத்திய ஊசி ஒருமுறை குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் மூன்று. எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகலாம். அதற்குத்தான் முழுமையான தடுப்பூசி இருக்கிறது: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என மூன்று தவணைகள். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பானின் அளவைப் பார்த்து, 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பொருள்.

குத்திவிட்டால் இரத்தத்தைப் பிதுக்காமல், வாயில் வைத்துச் சப்பாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். உடனே சொல்லவும் வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெண் திட்டு விழும் என்று பயந்து இரண்டு நாள் மறைத்தாள். நல்லவேளையாக அந்த நோயாளிக்குத் தொற்று எதுவும் இல்லை. பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடக் கூடாது என்று அன்றைக்குப் பிறகு யாரும் எங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கழிவுத் தொட்டிகளையும் எட்டிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, கூர்மையானவை துளைபடாத வெள்ளைக் கலத்துக்கும், நெகிழிக் குழாய்கள் சிவப்புப் பைக்கும், கண்ணாடி நீலப் பெட்டிக்கும், கிருமி வளர்த்த தட்டுகள் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் அவிக்கப்பட்டு மஞ்சள் பைக்கும் போக வேண்டும். சிவப்புப் பைக்குள் ஊசி கிடந்தால் அங்கே மற்றவற்றையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய நுண்ணோக்கி:

அச்சம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். எச்.ஐ.வி.யைச் சோதிக்கும் எலைசா வசதி அப்போது சென்னையில் இல்லாததால், மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று சோதித்தார்கள். சோதனைத் தட்டின் ஆறு குழிகளில், தொற்றைக் காட்டும் மஞ்சள் நிறம் வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. இன்றைக்கு இருக்கும் கையுறை, இரத்தத்தைத் தானே இழுக்கும் வெற்றிடக் குழாய் எதுவும் அன்று பரவலாக இல்லை. நான் பணிக்கு வந்த புதிதிலும் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். சிவப்பணு எண்ண இரத்தத்தைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சியிருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என்னோடு பணியாற்றிய ஒருவர் ஹெபடைடிஸ் பி தொற்றி, ஈரல் கெட்டு, ஐம்பது வயதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

மருத்துவர் அம்மா எழுதிய பம்பாய் வகை பற்றி இரண்டு நாள் யோசித்தேன். என் பணிக்காலத்தில் நான் ஓ என்று எழுதிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் அப்படி இருந்திருக்கலாம். பின்பக்கச் சோதனை நாங்கள் எல்லா நேரமும் செய்ததில்லை. ஆகவே நான்கு ஆண்டு வேண்டாம் என்று சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் தடித்த ஸ்மியரை நான் விடமாட்டேன்.

பாலைக்காற்று:

துபாயிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டு எண்ணம் பின்னாளில் வரலாம் என்றால் மட்டும் இதைப் படியுங்கள். வளைகுடா நாடுகளில் உரிமம் பெற, சான்றிதழ்களைப் படித்த இடத்திலேயே நேரடியாகச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நடைமுறை உண்டு; அதன்பின் கணினித் தேர்வும் எழுத வேண்டும். தொலைநிலைக் கல்வியில் வாங்கிய எம்.எல்.டி. பட்டத்தோடு வந்து, சரிபார்ப்பில் சிக்கித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே நேரடி வகுப்பு, பல்கலைக்கழக இணைப்பு, நாள் குறிப்பிட்ட பயிற்சிச் சான்று ஆகிய மூன்றும் இருக்கட்டும். எல்லா மதிப்பெண் பட்டியல்களிலும் பெயரின் எழுத்துகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். என் முன்னெழுத்து ஒன்றுக்காக நான் ஏழு மாதம் காத்திருந்தேன்.

குருதித்துளி:

சித்தப்பாவின் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. இயந்திரம் பிடிக்கத்தான் செய்தது. அது போட்ட குறியே "எனக்கு ஐயமாக இருக்கிறது, நீ பார்" என்பதற்கான அடையாளம். பரபரப்பான இரவில் பலர் அந்தக் குறியைப் படிப்பதில்லை.

தம்பிக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. எம்.எல்.டி. படிப்புக்கு நீட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே கலந்தாய்வில் வரும். தனியாரிடம் நேரடியாக முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தரவரிசை வரும்வரை பொறுத்திருங்கள். அரசுப் பணியை எண்ணினால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையில் அந்தந்தப் பதவிக்கு என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல் பிசகாமல் படிக்க வேண்டும். மேல்படிப்புக்குப் பட்டம் கட்டாயம். முதுநிலையில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று ஒரு பிரிவில் ஆழமாகப் போகலாம், கற்பிக்கும் பணிக்கும் வரலாம்.

வைப்பாற்றங்கரை:

இழையைத் தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளிருப்புப் பயிற்சி நண்பர் சொன்னபடி, தங்கையை அழைத்துக்கொண்டு இரண்டு மருத்துவமனைகளுக்குக் காலை ஏழு மணிக்குப் போனேன். முதல் இடத்தில் இரத்தம் எடுக்கும் அறை பூட்டியிருந்தது. எட்டரைக்கு ஒருவர் வந்து திறந்தார், அதற்குள் வந்தவர்கள் நான்கு பேர். கல்லூரிக் கட்டடம் மட்டும் ஐந்து மாடி. இரண்டாவது இடத்தில் வரிசை மாடிப்படியில் இறங்கி வாசல்வரை நின்றது. அங்கிருந்த ஆய்வக அண்ணன் ஊதா மூடிக் குழாயை மேலும் கீழுமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தங்கை ஏன் என்று கேட்டாள். எட்டு முறையாவது கவிழ்த்தால்தான் மருந்து கலக்கும், குலுக்கினால் அணு உடையும் என்று வேலையை நிறுத்தாமலே சொன்னார். வரும் வழியெல்லாம் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

கலந்தாய்வில் அந்தக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. இடம், அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தது. கல்விக் கடனுக்கு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் வாங்கவேண்டியது, படிக்கவேண்டியது ஏதும் உண்டா?

பழைய நுண்ணோக்கி:

புத்தகம் எதுவும் இப்போது வேண்டாம், நூலகத்தில் பார்த்துவிட்டு வாங்கலாம். விரல் மூடிய தோல் காலணி ஒன்று வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி முதல் ஊசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள்; வகுப்பு தொடங்கும்போது இரண்டாவது தவணை வந்துவிடும். போட்ட தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.